என் மகள் உட்கார்ந்த படம்

ஓவியத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நான் பத்தாவது வரை படித்தவள், அதுவும் கணக்கில் தட்டுத் தடுமாறித் தேறியவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் பெயரைக் கேட்டாலே என் குரல் உள்ளே போய்விடும். கடிதம் எழுதினால்கூட சௌக்கியம், சௌக்கியமா என்பதோடு நிறுத்திக்கொள்கிற ஆள். அப்படிப்பட்டவள் படித்தவர்கள் எழுதுகிற விஷயத்தில் தலையிட்டுப் பக்கம் பக்கமாக எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு படத்தைப் பல பேர் பார்த்துப் பல விதமாகச் சொன்னதைக் கூடவே நின்று கேட்டேன். அந்தப் படத்தில் இருந்தது என் மகள். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் அப்போது மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினம் போகிற வழியில், ரோட்டிலிருந்து கடல் பக்கமாக உள்ளே தள்ளியிருந்த ஒரு வீட்டில் குடியிருந்தோம். கடற்கரை ரோட்டை அகலப்படுத்தி முடித்திருந்த சமயம். ஓட்டல்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அதில் ஒன்றில் என் வீட்டுக்காரர் எலக்ட்ரீசியன். நான் வீட்டில் தையல் மிஷின் வைத்திருந்தேன். அதே ஓட்டலிலிருந்து தலையணை உறை, மேஜை விரிப்பு, கிழிந்த திரை என்று ஏதாவது தைக்க வந்துகொண்டே இருக்கும். எங்களுக்கு ஒரே மகள். அந்த வருஷம் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். நான் மிஷினில் ஓட்டித் தள்ளுவதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, தரையில் உட்கார்ந்து ஓரம் மடித்துக் கைத்தையல் போடுவாள்.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பத்தாவதோடு சரி. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் பஸ் ஏறியாக வேண்டும். அவளுக்கு கம்ப்யூட்டர் குரூப் எடுக்க ஆசை. அது செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் இருக்கிறது என்று கணக்கு டீச்சர் சொல்லியிருந்தார். பரீட்சை முடிந்த அன்றே அவள் அப்பாவிடம் கேட்டாள்.

"அம்மாம் தூரமா?" என்றார் அவர். "ரெண்டு பஸ்ஸு மாறிப் போய், இருட்டினப்புறம் வந்து எறங்குவியா? ரோடு தாண்டத் தெரியாது உனக்கு. இன்னும் கொழந்தை மாரி கீற. வூட்ல மிஷினு கீது, கத்துக்கோ."

என் வீட்டுக்காரர் சத்தம் போடுகிறவர் அல்ல. ஆனால் ஒரு பேச்சை முடித்துவிட்டால் டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்து போய்விடுவார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அவள் மறுபடி கேட்கவில்லை. தையல் போட்டாள், தண்ணீர் பிடித்தாள், டிவி பார்த்தாள். மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஓவியர் வந்தது அந்த லீவில்தான். எங்களைவிட வயதில் சிறிய பெண், கோயம்புத்தூர்ப் பக்கம். மாமல்லபுரத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்திருந்தார். அறைக்குள் வெயில் கொட்டுகிறது, மெல்லிசான வெள்ளைத் துணியில் ஜன்னலுக்குத் திரை வேண்டும் என்று கேட்டு வந்தார். ஜன்னல் அளவை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்திருந்தார். பஸ்ஸில் வியர்த்துப் பாதி அழிந்துவிட்டது. திரும்பிப் போய் அளந்துகொண்டு வந்தார். அந்த இரண்டாவது தடவைதான் என் மகள் தரையில் உட்கார்ந்து தைப்பதைப் பார்த்தார்.

"அக்கா, இது உங்க பொண்ணுங்களா?"

"ஆமா மேடம்."

"இவ இப்படி உக்காந்திருக்கறதை நான் வரையணுங்க. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம். இதே மாதிரி உக்காந்திருந்தாப் போதும்."

வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்று சாயங்காலம் கேட்டேன்.

"இன்னா படம்?" என்றார். "ஓட்டல் வராண்டாவுல மாட்டிக்கீறானுங்களே, மாராப்பு இல்லாத பொம்பள, அந்த மாரியா?"

"அய்ய, அதெல்லாம் இல்ல. துணி தைக்கிறா மாரி."

"நீ பாத்தியா? இன்னும் வரையவே இல்ல, உனக்கு எப்படித் தெரியும்?"

ஓவியரே வந்து அவரிடம் பேசினார். என் வீட்டுக்காரர், கழற்றிவைத்த ஃபேன் இறக்கைகளைத் துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் என்னைக் காட்டி, "இவளும் கூடவே குந்தட்டும்" என்று சொல்லிவிட்டு ஸ்டூல் மேல் ஏறினார். அப்படித்தான் ஒரு படம் எப்படி உண்டாகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க எனக்கு வாய்த்தது.

அந்த மாடி அறைக்கு எதிரே சிலை செதுக்குகிற கொட்டகை. காலையிலிருந்து உளிச் சத்தம். வாசலில் நின்ற கொய்யா மரத்தின் இலைகூடக் கல் பொடி படிந்து வெள்ளையாக நிற்கும். நான் தைத்த திரைகள் வழியாக வெயில் பால் மாதிரி வந்தது. ஓவியர் மிச்சமிருந்த திரைத் துணியை என் மகள் மடியில் போட்டு, ஒரு ஓரத்தைத் தரை வரைக்கும் தொங்கவிட்டார். கையில் ஊசியைக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் நூல் தீர்ந்துவிட்டது. "கோத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம், ஊசி அப்படியே இருக்கட்டும் என்றார். ஒரு காலில்தான் கொலுசு இருந்தது. இன்னொன்றின் திருகு எங்கேயோ விழுந்து, அதைக் கழற்றி வீட்டில் வைத்திருந்தாள். அதுவும் அப்படியே இருக்கட்டும் என்றார்.

அவளுக்குப் பாவாடை சட்டை. தாவணி போட்டுத்தான் வந்தாள். ஓவியர் தாவணி இல்லாமல் உட்கார முடியுமா என்று தயங்கிக் கேட்டார். நான் யோசித்தேன். சட்டை தொளதொளவென்று இருந்தது, மடியில் அவ்வளவு துணி இருந்தது. சரி என்றேன். தாவணியை மடித்து என் பக்கத்தில் வைத்தாள். தோள் லேசாகிவிட்ட மாதிரி ஒரு தடவை உலுக்கிக்கொண்டாள். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. அவள் வயதுக்கு வந்து சடங்கு சுற்றியபோது ஸ்டுடியோவில் எடுத்த போட்டோ எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது. பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, பூ ஜடை தெரிவதற்காகப் பின்னால் ஒரு கண்ணாடி. பதின்மூன்று வயதுப் பெண் அந்தப் போட்டோவில் முப்பது வயதுக்காரி மாதிரி இருப்பாள். இங்கே பதினைந்து வயதில் பத்து வயதுப் பெண்ணாகத் தெரிந்தாள். ஒரு ஜோடி துணியை மாற்றினால் பிள்ளைகளின் வயது இப்படி ஏறி இறங்குமா என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கொண்டுபோன தையல் வேலை அன்று நடக்கவே இல்லை.

ஓவியர் அதிகம் பேச மாட்டார். கை ஓடும்போது நாக்கு நுனி மட்டும் வெளியே தெரியும். நான் படத்தின் பக்கம் போகக் கூச்சப்பட்டு மூலையிலேயே உட்கார்ந்திருந்தேன். லீவு முடிகிற சமயத்தில் அவராகக் கூப்பிட்டுக் காட்டினார்.

படத்தில் அறை இல்லை. சுவர், ஜன்னல், உளிச் சத்தம் வருகிற தெரு, ஒன்றும் இல்லை. பின்னால் முழுக்க மாங்காயின் உள்பக்கம் மாதிரி ஒரு வெளிர் பச்சை. வெள்ளைத் துணி அவள் மடியிலிருந்து இறங்கி, கீழே வரவர மடிப்பு கலைந்து, அலை வந்து திரும்புகிற நுரையாகிவிட்டது. அந்த நுரையில் ஒரு கால், ஒரு கொலுசு. விரலில் நூலில்லாத ஊசி. முகம் கொஞ்சம் தூக்கியிருந்தது. உதடு லேசாகத் திறந்திருந்தது. கண் எங்களைப் பார்க்கவில்லை, தள்ளி எதையோ பார்த்தது.

எனக்கு அப்படியே நிறைந்துவிட்டது. உலகத்தில் ஒரு கவலையும் இல்லாமல், கடல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற குழந்தை என்று எடுத்துக்கொண்டேன். பெற்றவளுக்கு வேறு என்ன தோன்றும்? "ஏன் மேடம் சுவரை விட்டுட்டீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"சுவர் வந்தா வீடாயிடுங்கக்கா. எந்த வீடுன்னு கேப்பாங்க" என்றார்.

என் மகள் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மூக்கு பெரிசா கீது" என்று என் காதில் சொன்னாள். அவ்வளவுதான்.

பரீட்சை முடிவு வந்தது. பள்ளியில் மூன்றாவதாக வந்திருந்தாள். கணக்கில் நல்ல மார்க். என் வீட்டுக்காரர் மைசூர்பாகு வாங்கிக்கொண்டுபோய் ஓட்டலில் எல்லோருக்கும் கொடுத்தார். வாட்ச்மேன் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "அண்ணாத்த, உம் பொண்ணு உன்ன மாரி இல்லபா. நல்லவேளை" என்றாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தார். செங்கல்பட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மற்ற பெண்கள் அப்ளிகேஷன் வாங்கப் போனார்கள். இரண்டு பேர் எங்கள் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டார்கள். என் மகள் தையலிலிருந்து நிமிராமல், "நீங்க போங்கடி" என்றாள். ஒவ்வொரு நாளாகப் போய்க்கொண்டிருந்தது. நான் இரண்டு முறை ஆரம்பித்தேன். ஒரு முறை இருவருக்கும் சாதம் போடும்போது, "அந்தக் கணக்கு டீச்சர்..." என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்டுவிட்டேன்.

அப்படி இருக்கும்போது ஓவியரின் படங்களை அதே ஓட்டலின் கூடத்தில் வைப்பதாக ஏற்பாடானது. ஒவ்வொரு படத்துக்கும் மேலே சின்ன விளக்கு மாட்டுகிற வேலை என் வீட்டுக்காரருக்கு வந்தது. அதுவரை அவர் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர், தட்டு முன்னால் உட்கார்ந்து சாப்பிடாமல் இருந்தார்.

"பாத்தியா?" என்று கேட்டேன்.

"பாத்தேன்." தட்டை நகர்த்திவைத்துவிட்டு, "லைட்டு போட்டா கன்னம் அப்படியே மின்னுதுமே" என்றார். "கார்ல வந்து எறங்குவானுங்க. எத்தினி கண்ணு."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் மகளும் போனோம். அவர் முன்னாலேயே போய்விட்டார், ஓட்டல் யூனிஃபார்ம் சட்டையில் ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என் மகள் தாவணியில், இரண்டு கொலுசோடு. திருகு புதிதாக வாங்கியிருந்தோம். கூடத்தில் ஏ.சி. குளிர். சென்னையிலிருந்து வந்தவர்கள், வெள்ளைக்காரர்கள், ஜூஸ் டம்ளரோடு நடந்தார்கள். நான் ஒரு தூணை ஒட்டி நின்றுகொண்டேன். அங்கிருந்து எங்கள் படம் தெரிந்தது. படத்துப் பெண்ணை எல்லோரும் பார்த்தார்கள். நேரில் நின்றவளை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

ஒரு அம்மாள், பெரிய பொட்டு, பட்டுப் புடவை, கூட வந்தவரிடம் சொன்னார்: "பாவம், ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கா பாருங்க. ஒண்ணுமே தெரியாத வயசு." இன்னொருவர் கொலுசைக் காட்டினார். ஒன்று போய்விட்டது, ஒன்று இருக்கிறது, குழந்தைப் பருவத்தில் பாதி கழிந்துவிட்டது என்பதுதான் அர்த்தம் என்றார். எனக்குத் திருகு ஞாபகம் வந்து முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், அவர் சொன்னது தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. திருகு விழுந்தது தற்செயல்தான். அப்படியே இருக்கட்டும் என்று ஓவியர் சொன்னது தற்செயல் இல்லையே.

அப்போது ஒருவர் படத்துக்கு மிகவும் கிட்டே போனார். ஒல்லியான மனிதர், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். சென்னையில் ஓவியக் கல்லூரியில் வாத்தியார், ஓவியருக்கு முன்பு பாடம் எடுத்தவர் என்று பிறகு தெரிந்தது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, படத்துக்கு மூச்சு படுகிற தூரத்தில் குனிந்தார்.

"இது வரைஞ்சது இல்லையே. ஒட்டினது" என்றார்.

எல்லோரும் பார்த்தார்கள். நானும் தூணை விட்டு ஒரு எட்டு முன்னால் வந்தேன். என் மகளின் இடது கன்னத்தில், தாடைக்குக் கொஞ்சம் மேலே, ஒரு கறுப்புப் புள்ளி. நான் மாடி அறையில் பார்த்தபோது அது இல்லை. மிளகு அளவுதான். விளக்கு வெளிச்சத்தில் லேசாக மினுங்கியது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் அந்தக் கறுப்பு டேப் ஒட்டாத பொருள் கிடையாது. ஒயர் மேல் சுற்றுகிற டேப். குடைக் கைப்பிடி, ரேடியோ மூடி, அவள் பேனா, என் மிஷின் பெடல், எல்லாவற்றிலும் அதுதான். குழந்தைக்குக் கண்மையால் திருஷ்டிப் பொட்டு வைப்பார்களே, அதை என் வீட்டுக்காரர் கையில் இருந்ததை வைத்துச் செய்திருக்கிறார். ஏணி மேல் நின்று, சின்னதாக வட்டமாக வெட்டி, மகள் கன்னத்தில் ஒட்டிவிட்டு இறங்கியிருக்கிறார். கண்மை வைத்தால் சாயத்தோடு கலந்துவிடும், டேப் என்றால் உரித்துவிடலாம் என்றுகூட அந்த மனிதர் யோசித்திருப்பார்.

ஓவியர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவரும் அப்போதுதான் பார்க்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. விரலை நீட்டினார். தொடவில்லை. சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஸ்விட்ச் போர்டு பக்கம் பார்த்தேன். என் வீட்டுக்காரர் போர்டின் மூடியைத் திறந்து உள்ளே எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். ஓவியர் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

"சொல்லேன்மா" என்றார் வாத்தியார். "மத்த எல்லாம் சாயம். இது மட்டும் வெளியிலேர்ந்து வந்தது."

"நீங்க சொல்லுங்க சார்" என்றார் ஓவியர்.

வாத்தியார் தமிழில்தான் சொன்னார். கூட்டத்தில் யாரோ ஆங்கிலத்தில் கேட்டதற்கும் தமிழிலேயே பதில் சொன்னார். அவர் சொன்னதை முழுவதும் திருப்பிச் சொல்ல எனக்கு வராது. எனக்குப் புரிந்த மட்டும் இது. பொட்டு, குழந்தைக்கு வைப்பது. குழந்தைக்கு அது தன் கன்னத்தில் இருப்பது தெரியாது. பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். இந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை. "இது பச்சைக் குழந்தை, ஒண்ணும் தெரியாதுன்னு நாம சொல்றோம் பாருங்க, அது அவ மூஞ்சில இல்ல. நாம கொண்டுபோய் ஒட்டறோம்" என்றார்.

பட்டுப் புடவை அம்மாள் விடவில்லை. "ஒட்டினா என்ன சார்? ஆசையில ஒட்டறதுதானே. கண்ணு படக்கூடாதுன்னுதானே."

"ஆசைதாம்மா. நான் இல்லேன்னு சொல்லலையே" என்றார் அவர். "ஆனா அந்தப் பொட்டை விரலால மறைச்சுட்டு மூஞ்சியப் பாருங்க. உதட்டைப் பாருங்க, கழுத்து நரம்பைப் பாருங்க. இவ சும்மா உக்காந்திருக்காளா? யார்கிட்டயோ என்னமோ கேக்கப்போறா. கேக்கறதுக்கு முன்னாடி இழுக்கற மூச்சு அது."

நான் என் கட்டை விரலைத் தூக்கி, தூரத்திலிருந்தே அந்தப் புள்ளியை மறைத்துப் பார்த்தேன். கடல் சத்தம் கேட்கிற குழந்தை என்று இத்தனை நாள் நான் நினைத்த முகம் அங்கே இல்லை. கழுத்தில் அந்த நரம்பு இருந்தது. மாடி அறையில் நான் அதைப் பார்த்திருந்தேன், அழகாக இருக்கிறது என்று மட்டும் நினைத்தேன். பெற்றவளுக்குத் தெரியாதது முன்பின் தெரியாத ஒருவருக்குப் படத்தில் தெரிகிறதே என்று கஷ்டமாக இருந்தது. திரும்பி என் மகளைப் பார்த்தேன். அவள் வாத்தியாரைப் பார்க்கவில்லை. ஸ்விட்ச் போர்டு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா போர்டின் மூடியைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார்.

கிளம்பும்போது ஓவியர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன்கிட்ட சொல்லுங்கக்கா, அதை நான் எடுக்கலைன்னு" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். கடற்காற்று அடித்தது. சவுக்குத் தோப்புக்கு மேலே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. ஒரு டூரிஸ்ட் வேன் போனது. என் மகள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"நைனா, என் மூஞ்சில எதுக்கு டேப்பு ஒட்டின?"

"யாரு சொன்னா?"

"நம்ம வூட்டு டேப்பு எனக்குத் தெரியாதா?"

அவர் ரோட்டைப் பார்த்தார். "எத்தினி பேரு வந்து பாக்கறான். கண்ணு படும்ல."

"படத்துக்கா?"

"படம்னா இன்னா. நீதான அது."

"நான்தான் இங்க நிக்கிறேனே."

அவள் கொஞ்சம் நிறுத்தி மூச்சை இழுத்தாள். கழுத்தில் அந்த நரம்பு எழுந்தது.

"அந்த சாரு சொன்னாரே, யார்கிட்டயோ இன்னாவோ கேக்கப்போறேன்னு. மேடம் வூட்ல குந்திகினு இருந்த அத்தினி நாளும் நான் இன்னா யோசிச்சிகினு இருந்தேன் தெரியுமா? உன்னாண்ட எப்படிக் கேக்கறதுன்னுதான். எந்த பஸ்ஸுல போவணும், திருக்கழுக்குன்றத்துல எங்க மாறணும், யாரு யாரு கூட வராங்க, திரும்பி எத்தினி மணிக்கு வருவேன், எல்லாம் சொல்லிப் பாத்துகினே இருப்பேன். தெனம் வூட்டுக்கு வந்து உன்னப் பாத்தா மறந்துடும்."

"நீ கொழந்தைமே" என்றார் அவர். குரலில் பலம் இல்லை.

"சடங்கு சுத்தினப்ப பெரியவளாய்ட்டான்னு சொல்லி ஊரையே கூட்டி பிரியாணி போட்ட. மாமனை மாலை வாங்கியாரச் சொன்ன. அப்ப நான் எட்டாவது. இப்ப பத்தாவது பாஸு பண்ணிட்டேன், இப்ப கொழந்தைன்ற. நீ ஒண்ணு சொல்லு நைனா, ரெண்டுல எது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அவர் சட்டைப் பையைத் தொட்டார். டெஸ்டர் அங்கேதான் இருந்தது. ஆனால் எழுந்து போக அது வீடு இல்லை, பஸ் வரும் வரைக்கும் எல்லோரும் அங்கேதான் நின்றாக வேண்டும்.

"கண்ணு படும்னா எனக்கும் ஒண்ணு ஒட்டு" என்றாள். கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள். "படத்துக்கு ஒட்டிட்டு நாலு பேரு பாக்க வுட்டல்ல. அதே மாரி எனக்கும் ஒட்டி பஸ்ஸு ஏத்தி வுடு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். என்ன பார்த்தார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. என் முறை வந்துவிட்டதென்று எனக்குத் தோன்றியது. வாயைத் திறந்தேன்.

"டீச்சர் அப்பவே சொன்னாங்க" என்றேன். "இவ கணக்குல நல்லா வருவாளாம்."

இவ்வளவுதான் நான் பேசியது. அதற்குள் நாக்கு உலர்ந்துவிட்டது. அவர் என் பக்கம் திரும்பி, "அப்பவே சொன்னாங்கன்னா நீ ஏன்மே எங்கிட்ட சொல்லல?" என்றார்.

"ரசம் ஊத்திட்டாங்க" என்றாள் என் மகள்.

அவர் சிரிக்கவில்லை. தூரத்தில் பஸ் விளக்கு தெரிந்தது. அவர் எங்களுக்கு முன்னால் போய் ரோட்டோரம் நின்று கையைக் காட்டினார். பஸ் நிற்பதற்குள் திரும்பாமலேயே கேட்டார்: "திருக்கழுக்குன்றத்துல மாறணும்னியே, ஸ்டாண்டுக்குள்ளயா, வெளியவா?"

"உள்ள. கோயில் பக்கம் நடக்கவே வேணாம்" என்றாள்.

பஸ்ஸில் இடம் இருந்தது. அவர்கள் இருவரும் முன்னால் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் பின்னால் உட்கார்ந்தேன். அவள் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். காற்றில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அந்தப் படத்தைப் பிறகு யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எந்த ஊரில், எந்தச் சுவரில் இருக்கிறதோ. புள்ளி இன்னும் அதில் இருக்கிறதா, டேப் காய்ந்து விழுந்துவிட்டதா என்றும் தெரியாது. இப்போதும் ஏதாவது ஒரு வீட்டிலோ ஆஸ்பத்திரியிலோ சின்னப் பெண்ணின் படம் மாட்டியிருந்தால் நின்று பார்க்கிறேன். நிறையப் படங்களில் அந்தப் பெண்கள் பூ வைத்திருப்பார்கள், புறா வைத்திருப்பார்கள், வெள்ளை கவுன் போட்டிருப்பார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அப்போது அந்தப் பிள்ளை என்ன யோசித்துக்கொண்டிருந்தது என்று ஒரு கேள்வி வந்துவிடுகிறது. கழுத்தைப் பார்க்கிறேன். யாராவது பக்கத்தில் வந்து நின்றால் கூச்சமாகி நகர்ந்துவிடுகிறேன்.

கண்காட்சிக்குப் போய்வந்த மறுநாள் திங்கட்கிழமை. அவர் ஓட்டலில் லீவு சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனார். கம்ப்யூட்டர் குரூப்பில் போன வாரமே இடம் முடிந்துவிட்டது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். வணிகவியல் குரூப்பில் இடம் இருந்தது. அதில் சேர்த்துவிட்டு, இருட்டுவதற்கு முன்பு இருவரும் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.